கபடிப் பயிற்சியில் பிள்ளைகள் சுணங்குகிறார்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பள்ளிக் கபடி அணியைப் பார்த்துக்கொள்ளும் உடற்கல்வி (பி.இ.டி.) ஆசிரியர்களுக்கும், வேலை முடிந்து சாயங்காலம் களத்துக்கு வந்து ஊர்ப் பிள்ளைகளைப் பழக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் இதை எழுதுகிறேன். 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. மேட்ச் என்றால் துள்ளிக்கொண்டு வருகிறார்கள், பயிற்சி என்றால் காலை இழுக்கிறார்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. “பசங்களுக்கு அக்கறை இல்லை” என்று சொல்லிவிட்டால் அத்தோடு நாம் செய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விடுகிறது. சுணக்கம் என்பது வெளியே தெரிவது மட்டும்தான். அதன் காரணம் பிள்ளையின் உடம்பில் இருக்கலாம், வீட்டில் இருக்கலாம், அணிக்குள் இருக்கலாம். பல நேரம் அது நாம் அந்த ஒரு மணி நேரத்தை நடத்தும் விதத்திலேயே இருக்கிறது. அதை மாற்றுவது நம் கையில் உள்ள வேலை என்பதால் அங்கிருந்தே தேடத் தொடங்கலாம்.

தேடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை எடுத்துக்கொள்ளுங்கள். சுணக்கம் எல்லோரிடமும் இருக்கிறதா, ஒன்றிரண்டு பேரிடம் மட்டுமா? பயிற்சியின் தொடக்கத்திலா, நடுவிலா, கடைசியிலா? மேட்சிலும் இருக்கிறதா, பயிற்சியில் மட்டுமா? எல்லோரிடமும் இருந்தால் பயிற்சி முறையைப் பாருங்கள். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அந்தப் பிள்ளையைப் பாருங்கள். ஒரு வாரம் விசிலைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே கவனித்தால் விடை தானே வரும்.

“அஞ்சு மணின்னா அஞ்சரைக்குத்தான் வர்றாங்க”

முதல் 10 நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். களத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓட்டம் என்றால் அதைத் தவிர்க்கத்தான் தாமதமாக வருகிறார்கள். ரவுண்டு ஓட்டத்தை எடுத்துவிட்டு, தொட்டு விளையாட்டு மாதிரி ஒன்றை வார்ம்-அப்பாக வையுங்கள். முழங்காலைத் தொடும் ஆட்டம் எளியது: இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, தன் முழங்காலைக் காத்துக்கொண்டு எதிராளியின் முழங்காலைக் கையால் தொட வேண்டும். கால் அசைவு, குனிந்த நிலை, கண் எல்லாம் அதிலேயே சூடாகிவிடும். இரண்டு பேர் வந்திருந்தாலும் சரியான நேரத்துக்குத் தொடங்கிவிடுங்கள். ஆட்டம் நடக்கிறது என்று தெரிந்தால் மற்றவர்கள் நடையை எட்டிப் போடுவார்கள்.

இதிலும் சரியாகாவிட்டால் பேருந்து நேரத்தை விசாரியுங்கள். டவுன் பஸ் 5.10-க்குத்தான் வருகிறது என்றால் பயிற்சியை 5.20-க்குத் தள்ளுவதுதான் தீர்வு. பஸ்ஸுக்காகப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது.

“வரிசையில் நிற்கும்போது ஒரே கூத்து”

இந்த அறிகுறிக்கு மருந்து கணக்கில் இருக்கிறது. 20 பிள்ளைகள், ஒரே களம். ஒருவர் பாடிப் போகிறார், மற்றவர்கள் வரிசையில். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. திரும்பி வருவது, நீங்கள் ஒரு திருத்தம் சொல்வது எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் என்று வையுங்கள். ஒரு பிள்ளைக்கு மறுபடி முறை வர 20 நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு மூன்று ரெய்டு. மிச்ச 57 நிமிடத்தில் கேட்ச் பிடிக்கும் ஏழு பேருக்காவது வேலை இருக்கிறது. மற்றவர்கள் சும்மா நிற்கிறார்கள். சும்மா நிற்கும் 14 வயதுப் பையன் பக்கத்தில் இருப்பவனைத் தள்ளத்தான் செய்வான். அவனிடம் ஒழுக்கக் குறைவு எதுவும் இல்லை, வேலைதான் இல்லை.

சுண்ணாம்புத் தூள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அந்த இடத்தையும் அதன் ஓரங்களையும் சேர்த்து நான்கு சிறு கட்டங்கள் போட்டுவிடலாம். ஒவ்வொன்றிலும் ஐந்து பேர்: ஒருவர் பாடுவார், நால்வர் தடுப்பார்கள். இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முறை வரும். 20 நிமிடத்தில் ஆளுக்கு நான்கு ரெய்டு, 16 தடுப்பு. முன்பு ஒரு மணி நேரத்தில் கிடைத்ததைவிட இது அதிகம். அதற்குப் பிறகு முழுக் களத்துக்குப் போங்கள்.

எச்சரிக்கை ஒன்று: சிறு கட்டங்களில் தொடுவது, விலகுவது, கால் தப்பிப்பது வரை மட்டும் வையுங்கள். ஆளைத் தூக்கிப் போடும் பிடியும், ஓடிவந்து மோதித் தள்ளும் டேஷும் அங்கே வேண்டாம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் விட்டுவிடுங்கள். மண் களம் என்றால் கல் பொறுக்குவது உங்கள் வேலை; அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

நீங்கள் பேசும் நேரத்தையும் அளந்து பாருங்கள். ஒருவரிடம் மொபைலைக் கொடுத்து, நீங்கள் பேசும்போதெல்லாம் ஸ்டாப்வாட்ச் ஓடவிடச் சொல்லுங்கள். வருகிற எண்ணைப் பார்த்தால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் திடுக்கிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம், அதுவும் அரை நிமிடத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஒருத்தன் காலைப் பிடிக்கிறான், மத்த ஆறு பேரும் வேடிக்கை பார்க்கிறாங்க”

கபடிப் பயிற்சியில் மிக முக்கியமான அறிகுறி இதுதான் என்பேன். இதைக் கோழைத்தனம் என்று திட்டுவதுதான் வழக்கம். ஆனால் உலகம் முழுக்க மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். பிரான்சு நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913-இல் வெளியிட்ட முடிவு பெயர்பெற்றது: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும், தனியாக இழுத்தபோது காட்டிய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் காட்டினார்கள். கொஞ்சம் பலம், ஒரே நேரத்தில் இழுக்காததால் வீணானது. மிச்சம்? 1974-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் சேர்ந்து இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் யாரும் இழுக்கவில்லை. அப்போதும் இழுப்பு குறைந்தது. கூட்டத்தில் ஆள் தன்னை அறியாமலே அடங்குகிறான் என்பது தெளிவானது. பின்னால் கத்துவதையும் கை தட்டுவதையும் வைத்துச் செய்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொருவருடைய பங்கும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது அந்தக் குறைவு மறைந்தது.

இப்போது நம் களத்தைப் பாருங்கள். தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் கார்னர், கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் ஹோல்ட் போடுகிறார். ரெய்டர் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கிச் சாய்கிறார். அந்த ஒரு விநாடிக்குள், வரிசையின் உள்பக்கம் நிற்கும் கவர் வந்து இடுப்பைப் பிடிக்காவிட்டால் பிடி போய்விடும். கவர் சரியாக வந்து பிடி நின்றால் கைதட்டல் யாருக்கு? கார்னருக்கு. புள்ளிவிவரத்தில் டேக்கிள் எழுதப்படுவதும் ஒரே பெயரில். இரண்டாவதாக வந்தவனுக்குப் பெயரே இல்லை. பெயரில்லாத வேலைக்கு உயிரைக் கொடுத்து ஓடிவா என்கிறோம்.

அந்த வேலைக்குப் பெயர் கொடுங்கள். வெளியே இருக்கும் இருவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு பிடியிலும் யார் முதல் கை, யார் இரண்டாவது கை, யார் மூன்றாவது கை என்று எழுதச் சொல்லுங்கள். பிடி நழுவினாலும் எழுத வேண்டும். வந்தது எண்ணப்பட வேண்டும். பயிற்சி முடிவில் இரண்டாவது கையாக அதிக முறை எழுதப்பட்டவரை எல்லோர் முன்பும் பெயர் சொல்லி அழையுங்கள். பயிற்சி மேட்சில் இரண்டு விநாடிக்குள் இரண்டாவது கை வந்தால் தடுப்பணிக்கு ஒரு புள்ளி கூடுதல் என்று உங்கள் சொந்த விதி போடலாம். சில நாளிலேயே களம் நெருங்குவதைப் பார்ப்பீர்கள்.

பையன்கள் தொலைக்காட்சியில் ரெய்டர்களைத்தான் பார்க்கிறார்கள், எல்லோரும் ரெய்டர் ஆகத்தான் ஆசைப்படுகிறார்கள். அவர்களிடம் தர்மராஜ் சேரலாதனைப் பற்றிச் சொல்லுங்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், கார்னர் ஆட்டக்காரர். 2016-இல் புரோ கபடி லீகின் 4-ஆவது பருவத்தில் பட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அணித்தலைவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பிடிக்கிறவனுக்கும் பெரிய வாழ்க்கை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

“கை கோர்க்கச் சொன்னா முகம் மாறுது”

கார்னரும் பக்கத்தில் நிற்பவரும் கை கோர்த்து நிற்பது கபடியின் அடிப்படை. ஒரு குறிப்பிட்ட இருவர் மட்டும் கோர்க்க மறுத்தால் சண்டையாக இருக்கலாம். கூப்பிட்டுப் பேசினால் தீரும். ஆனால் அணியே இரண்டாகப் பிரிந்து, தண்ணீர் குடிக்கும்போதும் தெரு வாரியாக நின்றால் அங்கே சாதி புகுந்திருக்கிறது. இதைப் பார்க்காத மாதிரி கடந்துபோகிற பயிற்சியாளர்கள் நிறைய. தயவுசெய்து கடந்து போகாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிறு பள்ளிக்குள் வந்தால் களத்துக்கும் வரும்.

களத்தில் வைக்க வேண்டிய விதிகள் எளியவை. கையில் கயிறு, வளையம், விரலில் மோதிரம் எதுவும் இருக்கக் கூடாது. அடுத்தவர் விரலும் தோலும் கிழியும் என்பதால் ஆட்டத்துக்கே இது பொருந்தும் விதி. எல்லோருக்கும் ஒன்றுதான், விதிவிலக்கு கிடையாது. பயிற்சி அணிகளை நீங்கள் பிரியுங்கள், பிள்ளைகளைப் பிரிக்க விடாதீர்கள். கை கோர்க்கும் இணைகளை வாரம் தோறும் மாற்றுங்கள். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் சாதிக் குத்தல் இருந்தால் அந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒதுக்கப்படுகிற பிள்ளை உழைக்காமல் இருப்பதாக உங்களுக்குத் தோன்றும். உண்மையில் அவன் தன்னைக் காத்துக்கொண்டிருப்பான். அவனிடம் போய் “நீ ஏண்டா ஒதுங்கி நிக்கிற?” என்று கேட்பது புண்ணில் குத்துவது. மிரட்டல் அளவுக்குப் போயிருந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எந்த நேரமும் கிடைக்கும்.

“நல்லா ஆடிட்டிருந்த பிள்ளை, இப்ப மந்தமாயிட்டா”

ஒருவரிடம் மட்டும், அதுவும் திடீரென்று வந்த சுணக்கம் என்றால் மனதைத் தேடுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள்.

காலைப் பயிற்சி என்றால் முதல் கேள்வி, “என்ன சாப்பிட்ட?” முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். உங்கள் அணியில் இருக்கும் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளை அந்த வயதைத் தாண்டிவிட்டான். அவன் முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, டீ மட்டும் குடித்து வந்திருக்கலாம். ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும் கொடுக்க ஊரில் ஒரு கடைக்காரரையோ பழைய மாணவர்களையோ பிடித்தால் போதும். எழுச்சியுரை செய்யாத வேலையை அது செய்யும்.

பெண் பிள்ளை சீக்கிரம் மூச்சு வாங்கி உட்கார்ந்தால், உதடும் கண்ணின் உள் இமையும் வெளுத்திருந்தால், ரத்தசோகையைச் சந்தேகியுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது 12 பேர் அணியில் ஏழு பேருக்கு இருக்கக்கூடும்! ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை “வாந்தி வருது” என்று தூக்கிப் போடுகிறார்களா என்றும் கேளுங்கள்; சாப்பிட்ட பிறகு போடச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

13, 14 வயதில் ஆறு மாதத்தில் சட்டென்று உயர்ந்த பையன் தன் காலையே தடுக்கி விழுவான். உயரத்துக்கு உடம்பு பழக நேரம் எடுக்கும். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றால் குதிப்பதையும் முட்டி போடுவதையும் குறைத்து, எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அடிபட்டதை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்ற பயம். “வலியைச் சொன்னவனை நான் வெளியே அனுப்ப மாட்டேன், மறைச்சவனைத்தான் உட்கார வைப்பேன்” என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வாந்தியோ இருந்தால் அன்று மறுபடி களத்தில் இறக்கவே கூடாது. மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

எடை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் போட்டி நோட்டீஸ்களில் 55 கிலோ, 60 கிலோ என்று எடைப் பிரிவு இருக்கும். போட்டி நெருங்கினால் பையன்கள் சோறு தண்ணீரை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் உறையைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுகிறார்கள். உடம்பின் எடையில் 2 சதவீதம் நீர் குறைந்தாலே ஆட்டத்திறன் இறங்கத் தொடங்கும். 55 கிலோ பையனுக்கு அது வெறும் 1.1 கிலோ. அந்த வாரப் பயிற்சியில் அவன் சோர்ந்திருப்பதைச் சோம்பல் என்று திட்டினால் அது பெரிய அநியாயம். வளரும் பிள்ளையை எடைக்காகப் பட்டினி போடாதீர்கள். அடுத்த பிரிவில் ஆடட்டும், தோற்றாலும் பரவாயில்லை.

தூக்கம்: இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி, இரவு பதினொன்று வரை டியூஷனும் மொபைலும் என்றால் கணக்கு உதைக்கிறது.

“பாக் லைனைத் தாண்டிட்டு உடனே திரும்பிடறான்”

ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோட்டை ஒரு காலால் தாண்டிவிட்டு, யாரையும் தொட முயலாமல் திரும்பும் பையனைப் பார்த்திருப்பீர்கள். முயற்சி இல்லை என்று தோன்றும். அவன் அவுட் ஆன ஒவ்வொரு முறையும் களத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்களா? “உன்ன நம்பி அனுப்பினேன் பாரு” என்றீர்களா? அப்படியானால் அவன் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறான்: பாயிண்ட் எடுக்காமல் வந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை, பிடிபட்டால்தான் திட்டு.

மருந்து, பிடிபடுவதை மலிவாக்குவது. வாரத்தில் ஒருநாள் ரெய்டுகளை முயற்சிக்காக மட்டும் எண்ணுங்கள். பிடிபட்டானா இல்லையா என்பது கணக்கில் வராது. எத்தனை பேரைத் தொட முயன்றான், புதிதாக என்ன செய்து பார்த்தான் என்பதுதான் மதிப்பெண். திருத்தம் சொல்லும்போது முதலில் சரியாகச் செய்ததைச் சொல்லுங்கள், அப்புறம் அடுத்த முறை செய்ய வேண்டியதை. “உள்ளே போன கோணம் நல்லா இருந்துச்சு தம்பி. அடுத்த தடவை கார்னரைப் பார்த்துக்கிட்டே கவர் பக்கம் கையை நீட்டிப் பாரு.” இவ்வளவுதான்.

தண்டனையாக ஓடவைப்பதையும் தோப்புக்கரணம் போடவைப்பதையும் இன்றோடு நிறுத்திவிடலாம். உடற்பயிற்சியைத் தண்டனை ஆக்கினால் உடற்பயிற்சியை வெறுக்கக் கற்றுக்கொடுக்கிறோம். அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை வைத்து ஸ்மித், ஸ்மோல் என்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். திட்டுவதைக் குறைத்து, முயற்சியைப் பாராட்டி, திருத்தத்தை ஊக்கத்தோடு சொல்லப் பயிற்சி பெற்றவர்களிடம் ஆடிய சிறுவர்களில் மறு ஆண்டு விலகியவர்கள் 5 சதவீதம். பயிற்சி பெறாதவர்களிடம் 26 சதவீதம். இரண்டு தரப்பு அணிகளும் வென்ற மேட்சுகளில் பெரிய வேறுபாடு இல்லை. 1992-இல் வெளியான இந்த முடிவு அடித்து வளர்த்தால்தான் வெற்றி என்கிறவர்களுக்கு நல்ல பதில்.

“ஸ்டார் ரெய்டர், பயிற்சின்னா ஒதுங்கிடறான்”

அவனுக்குப் பயிற்சி சுலபமாக இருக்கிறது, அவ்வளவுதான். கடினமாக்குங்கள். போனஸ் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் போனஸ் பாயிண்ட் அவன் ரெய்டுக்கு மட்டும் கிடையாது என்று வையுங்கள். இடது பக்கம் மட்டும் தொடலாம் என்று கட்டுப்படுத்துங்கள். ஒவ்வொரு ரெய்டையும் டூ-ஆர்-டை ஆக்குங்கள்: பாயிண்ட் இல்லாமல் திரும்பினால் அவுட். அல்லது தடுப்பில் நிறுத்தி, மூன்றே பேராக ரெய்டரைப் பிடிக்கும் சூப்பர் டேக்கிள் எடுக்கச் சொல்லுங்கள். முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தனியாகப் பேசுங்கள், எல்லோர் முன்பும் வேண்டாம்.

“தம்பி, சனிக்கிழமை மேட்ச்ல நீ இல்லாம நான் ஏழு பேரை எழுதணும்னு நினைக்கல. ஆனா பயிற்சிக்கு வராதவனை எழுதினா, தினமும் வர்ற மத்தவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

“சரி சார்” என்பான். பிறகும் வராவிட்டால் சொன்னதைச் செய்யுங்கள். மேட்ச் போனாலும் போகட்டும். இங்கே மட்டும் நான் கறாராக இருக்கச் சொல்வேன், ஏனென்றால் மற்ற 11 பேரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“பெஞ்ச்ல இருக்கிறவங்களுக்கு ஆர்வமே இல்லை”

12 பேரில் 7 பேர்தான் களத்தில். மிச்சம் ஐவருக்கு, தாங்கள் ஏன் வெளியே இருக்கிறோம், என்ன செய்தால் உள்ளே வரலாம் என்று தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: “உன் இடது கை பிடி நிற்கணும், அது நின்னா நீ உள்ளே.” பயிற்சி மேட்சில் அவர்களுக்கு நிச்சயமான நேரம் ஒதுக்குங்கள். முன்பு சொன்ன நோட்டையும் எதிரணி ரெய்டரைக் கவனித்துச் சொல்லும் வேலையையும் இவர்களிடமே கொடுக்கலாம். ஆனால் நோட்டு எழுதுவதையே நிரந்தர வேலையாக ஆக்கிவிடாதீர்கள்.

“பிரியாணி வாங்கித் தந்தாத்தான் ஓடறாங்க”

1973-இல் அமெரிக்க மழலையர் பள்ளியில் ஒரு சோதனை நடந்தது. படம் வரையப் பிடித்த குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் குழந்தைகள்தான் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. பிரியாணி போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். உழைப்புக்கு விலையாக முன்கூட்டிப் பேசாதீர்கள்.

“வீட்டுல விட மாட்டேங்கிறாங்க சார்”

இது சுணக்கமே அல்ல, ஆனால் வருகைப் பதிவில் அப்படித்தான் தெரியும். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு ஜனவரியிலிருந்து பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், பொதுத்தேர்வு முடியட்டும். பெற்றோரிடம் பேசும்போது அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதைச் சொல்லலாம், ஆனால் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கையை விற்காதீர்கள். அந்த ஒதுக்கீடு பெரிய போட்டிகளில் சாதித்தவர்களுக்கானது.

பெண் பிள்ளைகள் நின்றுபோவதற்கு அடுக்கடுக்காகக் காரணங்கள் உண்டு: இருட்டு, உடை மாற்ற இடம் இல்லாதது, கழிப்பறை, மாதவிடாய் நாளில் சொல்ல முடியாத கூச்சம், தெருப் பேச்சு. வீட்டுக்கு நேரில் போங்கள், கூடவே ஒரு ஆசிரியையையோ மூத்த ஆட்டக்காரியையோ அழைத்துப் போங்கள்.

“அம்மா, ஆறு மணிக்கு விட்டுடுவோம். அஞ்சு பேரா சேர்ந்துதான் நடந்து வருவாங்க, கூட டீச்சர் வருவாங்க. வெளியூர் மேட்ச்னா ஒரு அம்மா எங்ககூட வரலாம். நீங்களே வாங்களேன்.”

இதில் சொன்ன ஒவ்வொன்றையும் காப்பாற்ற வேண்டும். சென்னை கண்ணகி நகரிலிருந்து வந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத்தலைவர். சில தாய்மார்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு மொபைலில் படத்தைக் காட்டுங்கள்.

இத்தனையும் பார்த்தும் மாறவில்லை என்றால்

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் என்று போங்கள். பிள்ளைகளிடமே கேளுங்கள், எழுதிப் போடச் சொன்னால் பேசாதவர்களும் சொல்வார்கள். “நாளைக்கு எதைச் செய்யலாம், எதை விட்டுடலாம்?” என்ற ஒரு கேள்வி போதும். அவர்கள் கேட்டதில் ஒன்றையாவது மறுநாளே செய்துகாட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை வெற்றுத்தாள்தான் வரும்.

சில பிள்ளைகளுக்குக் கபடி பிடிக்காமலே இருக்கலாம். அப்பாவுக்காகவோ நண்பனுக்காகவோ வந்திருப்பார்கள். அப்படிப்பட்டவனை மரியாதையாக அனுப்புங்கள்: “உனக்கு ஓட்டம் நல்லா வருது, தடகளத்துக்குப் போறியா, நானே சார்கிட்ட பேசறேன்.” கொஞ்ச நாள் கழித்து அவன் மறுபடி களத்துக்கு வந்து நின்றால் ஏன் போனாய் என்று கேட்க வேண்டாம். சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் இரண்டு வாரம் முழு வேகப் பிடியில் இறக்காதீர்கள். விட்ட உடம்பு பழகும்வரை தொட்டு விளையாட்டும் கால் அசைவும் போதும்.